தெருச் செப்பமும் பொறையுடைமையும்



நம் சங்கத்து ஞாயிறு வழிபாடு முடிந்தபின் அன்பர் பலர் அண்மைக் காலத்தில் எம்மிடம் கேட்டு வரும் வினா ஒன்று உண்டு. "எங்கள் தெருவை வெட்டிப் போட்டு மாதங்கள் ஆகின்றன. வாயிற்படியை விட்டு இறங்க வழியில்லை. பௌத்தராகிய நாங்கள் இதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? எதிர்த்துக் கேட்க வேண்டுமா?" என்பதே அவ்வினா. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது மாநகராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டிய கேள்வியேயன்றி, தம்ம உபதேசகனிடம் கேட்க வேண்டியதன்று எனத் தோன்றும். ஆயினும் ஆராயுமிடத்து, பொறுமை என்பது யாது, அது எவ்விடத்தில் அறமாகின்றது, எவ்விடத்தில் அறத்திற்கு மாறாகின்றது என்னும் பெரிய விசாரணை இச்சிறு வினாவினுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

பெங்களூர் நகரில் சில ஆண்டுகளாகத் தார்ச் சாலைகளின்மீது கான்கிரீட் தளம் இடும் வேலை நடைபெற்று வருகின்றது. அதன்பொருட்டும், பழைய சாக்கடைக் குழாய், குடிநீர்க் குழாய், மின்சாரக் கம்பி ஆகியவற்றை மாற்றும்பொருட்டும் தெருக்கள் வெட்டப்படுகின்றன. அகன்ற வீதிகளில் வாழ்வோர்க்கு இது வண்டி செல்லும் வழி மாறும் தொல்லை; அவ்வளவே. அல்சூர், ஸ்ரீராமபுரம் முதலிய இடங்களில் எளிய மக்கள் நெருங்கி வாழும் சந்துகளிலோ நிலைமை வேறு. அங்கே திண்ணை இல்லை, முற்றம் இல்லை. வாயிற்படியே தெருவின் கரை. தெருவை வெட்டினால் வீட்டின் முன்னறையையே வெட்டியதற்கு ஒப்பாகும். ஆட்டோ வாராது, ஆகவே நடக்கவியலாத முதியோரை நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்கின்றனர். எரிவாயு உருளையைத் தெருமுனையிலிருந்து தோளில் சுமக்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் பள்ளத்தின்மேல் இட்ட ஒற்றைப் பலகையில் நடக்கின்றனர். இட்டிலி விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் கைம்பெண்ணின் தள்ளுவண்டி நிற்க இடமின்றி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றது. மழை பெய்த இரவில் எது பள்ளம், எது வழி என்று தெரிவதில்லை.

இந்நிலையில் மூவகை விடைகள் நம்மவரிடையே வழங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் விடை, "எல்லாம் கன்மப் பலன், அனுபவித்துத் தீர்க்க வேண்டியதே" என்பது. பள்ளத்தில் விழுந்து கால் முறிந்த ஒருவரைக் காணச் சென்ற இடத்தில், "போன பிறவியில் என்ன செய்தாரோ" என்று ஒருவர் சொல்ல யாமே கேட்டோம். இது பௌத்தமன்று, பௌத்தத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும் பழைய மூடக் கொள்கையேயாம். இராசகிருகத்து மூங்கில் வனத்தில் பகவான் எழுந்தருளியிருந்த காலத்து, சீவகன் என்னும் பரிவிராசகன் ஒருவன் வந்து, மனிதன் நுகரும் இன்பதுன்பம் யாவும் முன்செய் வினையால் விளைந்தனவே எனச் சிலர் கூறுகின்றனரே, தங்கள் கருத்து யாது எனக் கேட்டான். பகவான் அக்கூற்றை ஏற்கவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு, சிலேட்டுமத்தால் வருவது உண்டு, வாதத்தால் வருவது உண்டு, பருவ மாறுதலால் வருவது உண்டு, கவனக் குறைவான நடத்தையால் வருவது உண்டு, பிறர் தாக்குதலால் வருவது உண்டு; வினையால் வருவதும் அவற்றுள் ஒன்று என வகுத்துரைத்தார். யாவும் முன்வினையே என்போர் கண்ணாரக் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் எனவும் தெளிவுறுத்தினார். விளக்கு வைக்காத பள்ளத்தில் ஒருவர் விழுந்தால், காரணம் விளக்கு வைக்காமையே. பக்கத்தில் நிற்கும் காரணத்தைக் காணாமல் பல பிறவிகளுக்கு அப்பால் காரணம் தேடுவோன், விளக்கு வைக்கக் கடமைப்பட்டவனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கின்றான். நம் பாட்டன் பூட்டன்மார் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டதற்கும் இதே காரணந்தான் கூறப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் விடை, சினம். கண்ணில் பட்டவனைத் திட்டுதல். கண்ணில் படுவோர் யார்? திட்டமிட்ட பொறியாளர் அல்லர். குத்தகை எடுத்த முதலாளியும் அல்லர். மண்வெட்டியும் கூடையும் ஏந்தி நிற்கும் கூலியாட்களே. நாட்டின் வடபகுதியிலிருந்தும், ராய்ச்சூர், யாதகிரி, கலபுரகி முதலிய வடகர்நாடக மாவட்டங்களிலிருந்தும் குடும்பத்துடன் வந்து, நீலத் தார்ப்பாயின்கீழ் உறங்குவோர் அவர்கள். அவர்களுடைய கைக்குழந்தைகள் மணற்குவியலின்மேல் கிடக்கின்றன. அவர்கள் குடிநீர் கேட்டபோது குழாயைத் திறக்க மறுத்த வீடு ஒன்றை நம் குடியிருப்பிலேயே கண்டோம். "தெருவைப் பாழாக்கினவர்களுக்குத் தண்ணீர் வேறா?" என்பது அவ்வீட்டார் கூறிய நியாயம். தண்ணீர் மறுக்கப்பட்டவர் வழியில் வந்தோர், தண்ணீரை மறுத்தல் எத்துணைக் கொடிது! 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் மகாடு நகரத்துச் சவதார் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் கையில் அள்ளிய நீர், நமக்கு மட்டும் சொந்தமாகும்பொருட்டு அள்ளப்பட்டதன்று.

இவ்விடத்தில் பகவான் அருளிய கதை ஒன்றை நினைவூட்டுவோம். சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் இல்லத்தலைவி இருந்தாள். சாந்தமானவள், அடக்கமுடையவள் என்று ஊர் முழுவதும் அவளுக்கு நற்பெயர். அவள் வீட்டுப் பணிப்பெண் காளி என்பவள், "என் தலைவி உண்மையிலேயே சினமற்றவளோ, அன்றி யான் வேலைகளை ஒழுங்காகச் செய்வதால் சினம் வெளிப்படாதிருக்கின்றதோ?" என்று ஐயுற்று, ஒருநாள் பொழுதேறி எழுந்தாள். அடுத்த நாள் இன்னும் தாமதித்தாள். மூன்றாம் முறை தலைவி கதவுத் தாழ்ப்பாளை எடுத்து அவள் மண்டையை உடைத்தாள். வேலை குறையின்றி நடக்கும் வரையில் யாவரும் சாந்தரே. தெரு சமமாக இருந்தவரையில் நம் மைத்திரியும் சமமாகவே இருந்தது. தெரு உடைந்தபின் அது எவ்வாறிருக்கின்றது என்பதே சோதனை.

அதே உபதேசத்தில் பகவான் ஓர் உவமையும் கூறினார். ஒருவன் மண்வெட்டியும் கூடையும் கொண்டு வந்து, இப்பெரும் பூமியை மண்ணில்லாததாக ஆக்கிவிடுவேன் என்று அங்குமிங்கும் தோண்டினாலும் ஆக்க இயலுமோ? இயலாது, பூமி ஆழமானது, அளவற்றது. அதுபோல் உங்கள் உள்ளத்தை ஆக்கிக்கொள்ளுங்கள் என்றார். தோண்டப்பட்ட தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு இதனினும் பொருத்தமான பாடம் வேறு உண்டோ? தோண்டப்படும் மண் அழிவதில்லை. ஒரு பக்கத்தினின்று மறுபக்கம் செல்கின்றது. உள்ளமும் அவ்வாறே ஆழமுடையதாயின், ஒரு தெருவின் புழுதி அதனைக் கலக்க மாட்டாது.

மூன்றாம் விடை, மௌனம். "பகவான் பொறுமையைப் போதித்தார், ஆதலால் வாயைத் திறவோம்" என்று நல்லோர் சிலர் ஒதுங்கிக்கொள்கின்றனர். இவர்கள் திட்டுவோரினும் மேலோர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கத் தவறுகின்றனர். பொறுப்பது யார் துன்பத்தை?

என் வீட்டுச் சுவரில் புழுதி படிந்தது, நான் துடைத்துக்கொள்கின்றேன். எனக்கு அரை மணி நேர நடை மிகுந்தது, நடந்துகொள்கின்றேன். இது என் துன்பம். இதனைப் பொறுக்க எனக்கு உரிமையுண்டு, அது அறமும் ஆகும். ஆனால் அடுத்த வீட்டில் வாரம் மும்முறை சிறுநீரக சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டிய நோயாளியை வண்டி ஏற்ற வழியில்லை. அவர் துன்பத்தை நான் எவ்வாறு பொறுப்பது? பள்ளத்தில் விழப்போகும் குழந்தையின் வலியைப் பொறுத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்? தன் துன்பத்தைத் தான் தாங்குதல் பொறை. பிறர் துன்பத்தைத் தான் 'தாங்குதல்' அலட்சியம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே, இரண்டும் பேசாதிருத்தலே. ஆயினும் முன்னது பாரமிதை, பின்னது பாவம். இவ்வேறுபாட்டை அறியாதார் கையில் பொறுமை என்னும் நற்குணம், கருணையைக் கொல்லும் கருவியாகிவிடும்.

"ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்கின்றோமே, நல்ல தெரு வேண்டும் என்பதும் ஆசையன்றோ?" என்று இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எனக்கு, எனக்கு என்று பற்றிக்கொள்ளும் வேட்கையைத்தான் பகவான் துன்ப மூலம் என்றார். யாவர்க்கும் நன்மை விளைக வேண்டும் என எழும் ஊக்கத்தை அவர் தடுத்தாரில்லை. தடுத்திருப்பின் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து உபதேசித்திருக்க மாட்டார். என் வீட்டு வாயில்வரை மட்டும் தளம் போட்டுத் தந்தால் போதும் என்று மேற்பார்வையாளரின் கையில் பணம் திணிப்பது வேட்கை. தெரு முழுவதும் முதியோர் நடக்கத்தக்கதாக வேண்டும் என்று கூடிக் கேட்பது நல்லூக்கம். முன்னதை விடுக, பின்னதைக் கொள்க.

தெரு என்பது நமக்கு மற்றவர்க்குப்போல் வெறும் மண்ணும் கல்லும் அன்று. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் நம் மக்கள் தடையின்றிப் புழங்கும் உரிமையை நிலைநாட்டத் தீர்மானம் கொண்டுவந்தார். தெருவில் நடப்பதற்கு ஒரு சட்டசபைத் தீர்மானம் வேண்டியிருந்த காலம் அது! அதே ஆண்டில் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் விதியில், கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றோடு சாலையும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றது. அவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, மதம் முதலிய காரணம் பற்றி எந்தக் குடிமகனுக்கும் தடையிருத்தலாகாது என்பது அதன் ஆணை. ஆகவே தெரு நமக்குப் பிச்சையாகக் கிடைத்ததன்று. உரிமையாகப் பெற்ற ஒன்றைப் பேணுதலும் உரிமையுடையோன் கடமையேயாம்.

இனி, பேணுவது எங்ஙனம்? இதற்கும் நம் நூல்களிலேயே வழி உண்டு. போதிசத்துவரின் நெடும்பயணம் தொடங்கியதே ஒரு தெருச் செப்பத்தில்தான் என்பதை அன்பர்கள் எண்ணிப் பார்த்ததுண்டோ? சுமேதர் என்னும் தவசி, தீபங்கர புத்தரின் வரவுக்காக ரம்ய நகரத்து மக்கள் வழியைச் சீர்செய்வதைக் கண்டு, எனக்கும் ஒரு பகுதி கொடுங்கள் என்று கேட்டார். அவர் சித்தி கைவந்தவர் என்றறிந்த மக்கள், நீர் அரித்துச் சேறாய்க் கிடந்த கடினமான பகுதியை அவருக்கு ஒதுக்கினர். சித்தியால் நொடியில் முடித்திருக்கலாம். அவரோ, உடலால் உழைத்தாலன்றி உள்ளம் நிறைவு பெறாது என்று மண்ணைச் சுமந்து கொட்டினார். வேலை முடியுமுன்னரே தீபங்கரர் சீடர் கூட்டத்துடன் எழுந்தருளினார். சேறு அவர் பாதத்தில் படலாகாதென்று சுமேதர் அச்சேற்றின்மேல் தாமே பாலமாகப் படுத்தார். அவரே பிற்காலத்தில் கோதமராகப் பிறந்து புத்தராவார் எனத் தீபங்கரர் மொழிந்தது அவ்விடத்திலேயாம். முடிக்கப்பெறாத தெரு, சேறு, சுமந்த மண்: புத்தத்துவத்தின் வித்து விழுந்த நிலம் இதுவே.

மற்றொரு பிறவியில் அவரே மகத நாட்டு மசல கிராமத்தில் மகன் என்னும் பெயருடன் வாழ்ந்தார் என்று ஜாதகம் கூறும். முப்பது குடும்பங்களைக் கொண்ட ஊர். ஊரார் கூடுமிடத்தில் தாம் நிற்குமிடத்தை அவர் காலால் செப்பனிட்டார். ஒருவன் அவரைத் தள்ளிவிட்டு அங்கே நின்றான். அவர் சினவாது வேறோர் இடத்தைச் செப்பனிட்டார். அங்கும் வேறொருவன் வந்து நின்றான். மீண்டும் வேறோர் இடம். முடிவில் ஊர் ஆடவர் யாவரும் அவருடன் சேர்ந்து, விடியலில் எழுந்து, கற்களைப் புரட்டி, வண்டி அச்சில் இடிக்கும் மரங்களை நீக்கி, மேடுபள்ளத்தைச் சமமாக்கி, பாலமும் குளமும் சத்திரமும் சமைத்தனர். குடியும் சண்டையும் ஒழிந்ததால் வரும்படி இழந்த ஊர்த்தலைவன், இவர்கள் கள்வர் என்று அரசனிடம் கோள் மூட்டினான். யானையால் மிதிக்கும்படி ஆணை பிறந்தது. யானைகள் மிதிக்க மறுத்தன. அக்காலத்தும் சாலையைச் செப்பனிட்டவன்மீது பழி வந்தது. அவர்கள் கோள் சொன்னவன்மீதும் அரசன்மீதும் யானையின்மீதும் மைத்திரியையே செலுத்தினர். பொறுமையும் செயலும் ஒருவரிடத்தே ஒருங்கே இருத்தல் கூடும் என்பதற்கு இக்கதையே சான்று. தம்மைத் தள்ளியதை மகன் பொறுத்தார். வழி கெட்டுக் கிடந்ததை அவர் பொறுக்கவில்லை.

இவ்வழியைப் பின்பற்றி நாம் செய்யத்தக்கன சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, தெருவார் யாவரும் சாதிமத வேறுபாடின்றி ஓரிடத்தில் கூடி, யாருக்கு எத்தொல்லை என்று கேட்டு எழுதுதல் வேண்டும். நோயாளி, கருவுற்றவர், பார்வையற்றவர், தள்ளுவண்டிக்காரர் ஆகியோர் பெயர்கள் பட்டியலின் தலைப்பில் நிற்கட்டும். மோட்டார் வண்டி வைத்திருப்போர் குறை அடியில் வரட்டும்.

இரண்டாவது, பொறுக்க வேண்டியதையும் கேட்க வேண்டியதையும் பிரித்தறிதல் வேண்டும். கான்கிரீட் முழு வலிவு பெற ஏறத்தாழ 28 நாட்கள் ஆகும். அதன்பொருட்டு நீர் தெளித்தும் ஈரச் சாக்குப் போர்த்தியும் பதப்படுத்த வேண்டும். அந்நாட்களில் "ஏன் திறக்கவில்லை?" என்று பூசலிடுவது அறியாமை. ஆலையில் பணி செய்த எமக்கு இது நன்கு தெரியும்: பாவு நூல் அறுந்தால் தறி நிற்க வேண்டும், அறுந்த நூலை முடியாமல் அவசரப்பட்டுத் தறியை ஓட்டுவோன் துணியைக் கெடுப்பான். ஆனால் பள்ளம் வெட்டிய பின் ஆள் ஒருவரும் வாராது வாரக்கணக்கில் கிடப்பது பதப்படுத்துதலன்று. பொறுமை வேலைக்கு உரியது, வேலையின்மைக்கு உரியதன்று.

மூன்றாவது, தளம் இறுகுமுன் கேட்க வேண்டியவற்றைக் கேட்டல் வேண்டும். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே ஏற்றினால் தெரு உயர்ந்து வாயிற்படி தாழும். மழைநீர் வீட்டினுள் புகும். குழாயும் கம்பியும் மாற்றும் வேலைகள் முடிந்தனவா என்று கேட்காது விட்டால், இட்ட தளத்தையே மீண்டும் வெட்டுவர். வேலையின் மதிப்பீடு, முடியும் நாள், பொறுப்பாளர் ஆகிய விவரங்களை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேட்கலாம். 30 நாட்களில் விடை தரல் வேண்டும். தெருவோர வணிகரை 30 நாள் அறிவிப்பின்றி அகற்றலாகாது என்று 2014ஆம் ஆண்டின் சட்டம் சொல்கின்றது. கைம்பெண்ணின் இட்டிலி வண்டிக்கு அச்சட்டமே குடை.

நான்காவது, இது யாவற்றினும் முக்கியம். சாக்கடையைத் திறக்கும்போது உள்ளே இறங்கும்படி ஒரு மனிதனை ஏவினால், அவ்விடத்திலேயே தடுத்து நிறுத்துங்கள். 2013ஆம் ஆண்டின் சட்டம் இவ்வபாயத் தொழிலைத் தடை செய்தது. சாக்கடையில் இறப்போர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் விதித்தது. 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்திற்று. தொகை உயர்ந்ததேயன்றிச் சாவு நிற்கவில்லை. இறங்கும்படி ஏவப்படுவோர் பெரும்பாலும் எச்சாதியினர் என்று நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. வாடிய மலர்களையும் குப்பைகளையும் அள்ளிய சுனீதரைத் தெருவிலே கண்டு, "வருக, பிக்குவே" என்று அழைத்தவர் நம் ஆசிரியர். அவரைப் பள்ளத்தினின்று மேலே அழைத்த மார்க்கத்தினர் நாம். நம் தெரு விரைவில் முடிய வேண்டும் என்பதற்காக வேறொருவரைப் பள்ளத்தில் இறக்க உடன்படுவோமாயின், திரிசரணத்தை வாயால் மட்டுமே சொன்னவராவோம்.

ஐந்தாவது, நம் பங்கைச் செய்தல். பள்ளத்தின் ஓரத்தில் கயிறு கட்டிச் சிவப்புத் துணியும் இரவில் விளக்கும் வைத்தல். உறுதியான பலகை இடுதல். முதியோரைக் கைபிடித்துக் கடத்தல். வேலை செய்வோர்க்குக் குடிநீரும் நிழலும் தருதல். அவர்தம் குழந்தைகளைச் சங்க மண்டபத்தில் பகற்பொழுதில் அமர்த்திக் கொள்ளுதல். இவை சுமேதர் சுமந்த மண்ணுக்கு ஒப்பாகும். ராய்ச்சூர் மாவட்டத்து மஸ்கியில் அசோகன் என்னும் பெயரையே தாங்கிய கல்வெட்டு 1915இல் கண்டெடுக்கப்பட்டது. அவ்வேந்தன் சாலையோரங்களில் ஆலமரம் நட்டு, கிணறு தோண்டி, தங்குமிடம் அமைத்தது மனிதர்க்கும் விலங்குகட்கும் ஒருங்கே பயன்படுதற்கென்று தன் தூண் சாசனத்தில் பொறித்தான். அம்மண்ணிலிருந்து வந்து நம் தெருவில் வெயிலில் நிற்போர்க்கு ஒரு குவளை நீர் தருவது பெரிய காரியமா?

பழைய தெருவின் வேம்பு போயிற்று, மாலையில் அமர்ந்து பேசிய கல் போயிற்று என்று வருந்துவோரும் உளர். கூடியன யாவும் கலையும் என்பதைப் பெரிய நூல்களில் படிப்பதினும் வாயிற்படியில் நின்று காண்பது நன்று. வருந்தற்க; புதிய தளத்தின் ஓரத்தில் ஒரு கன்றுக்குக் குழி விடும்படி இப்போதே கேளுங்கள். அநித்தியத்தை உணர்ந்தவன் கையைக் கட்டிக்கொண்டிரான். மாறும் பொருளை நன்மையின் பக்கம் மாற்றுவான்.

ஆதலின், அன்பர்களின் வினாவுக்கு எம் விடை இது: பொறுக்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். உம்முடைய துன்பத்தைப் பொறுங்கள். அயலாருடைய துன்பத்துக்காகக் கேளுங்கள். சினமின்றிக் கேளுங்கள், சலிப்பின்றிக் கேளுங்கள், மண்வெட்டி பிடித்தவனிடமன்றி, அதைப் பிடிக்கச் சொன்னவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில், பள்ளத்தின் ஓரத்தில் தயங்கி நிற்கும் எவர்க்கும் கை கொடுங்கள்.

நமோ புத்தாய.